விளக்கு வெளியே போன ஜெபக்கூட்டம்

ஈசல் வறுபடும் வாசனையை முகர்ந்திராதவர்களுக்கு அதை எப்படிச் சொல்வது? நெய் காய்வது போல ஒரு மணம் முதலில் வரும்; அதன் முதுகிலேயே வறுத்த வேர்க்கடலையின் வாசம் ஏறி வரும்; இரண்டுக்கும் அடியில், மழை விழுந்தவுடன் செவல்காட்டிலிருந்து கிளம்புமே அந்த ஈர வாடை இருக்கும். மூன்றும் சேர்ந்து கூரையைத் தாண்டித் தெருவுக்கு வந்துவிட்டால், எங்கள் தெருவில் அழுகிற பிள்ளை அழுகையை நிறுத்தும், சண்டை போடுகிறவர்கள் மிச்சத்தை நாளைக்கு வைத்துக்கொள்வார்கள்.

நான் இப்போது மதுரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். கடவுளை நெருங்குவது எப்படி என்று பேசச் சொல்லி, வாலிபர் கூட்டங்களுக்கு என்னைக் கூப்பிடுவதும் உண்டு. எழுந்து நின்றால் என் நாக்கு நுனிக்கு முதலில் வருவது இந்த ஈசல்தான். சபை நாகரிகம் கருதி விழுங்கிவிட்டு வேறு எதையாவது பேசிவிட்டு உட்காருவேன். எழுதும்போது விழுங்க வேண்டியதில்லை அல்லவா? அதனால் அந்த ஒரு சாயங்காலத்தை இங்கே அவிழ்த்துக் கொட்டிவிடுகிறேன்.

எங்கள் ஊர் உசிலம்பட்டிக்கு மேற்கே, வானம் பார்த்த பூமியில் இருக்கிறது. புரட்டாசி கடைசியிலோ ஐப்பசி முதலிலோ முதல் நல்ல மழை கொட்டி, வானம் வெளுத்து, காற்று அடங்கி, உடம்பெல்லாம் கசகசவென்று புழுங்கும் ஒரு சாயங்காலம் வரும். அந்தப் புழுக்கம்தான் எங்களுக்குத் தகவல். புற்றுகளிலும் வெறுந்தரையிலும் சின்னச் சின்னக் கண்கள் திறக்கும். பொழுது சாய்ந்து விளக்கு ஏற்றும் நேரத்தில் அந்தக் கண்களிலிருந்து உயிருள்ள புகை போல ஈசல் கிளம்பும். வெளிச்சத்தைத் தேடி வந்து மோதி, கீழே வைத்திருக்கும் தண்ணீர்ச் சட்டியில் விழும். கொஞ்ச நேரக் கூத்து அது. அந்தக் கொஞ்ச நேரத்தில் ஊரே வெளியில் இருக்க வேண்டும், இல்லையென்றால் அடுத்த வருஷம்தான்.

அதில் ஒரு வழக்கம் உண்டு. முதல் கை ஈசலை யாரும் வாயில் போடக் கூடாது, அது சாமிக்கு. முன்னோர் காலத்தில் அந்த முதல் கை கண்மாய்க்கரைச் சாமிக்குப் போயிற்று. எங்கள் தெரு மொத்தமும் வேதத்துக்கு, அதாவது கிறிஸ்தவத்துக்கு, வந்த பிறகு அந்த முதல் கை எங்கே போக வேண்டும் என்று எங்களுக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை. திருநீறு பூசாதே, குறி கேட்காதே, கோழி அறுக்காதே என்று வரிசையாகச் சொன்னவர்களுக்கு ஈசலின் ஞாபகம் எப்படி வரும்?

எங்களுக்குக் கோயிலும் பள்ளிக்கூடமும் ஒரே கட்டடம்தான். மண்சுவர், பனையோலைக் கூரை, சாணி மெழுகிய தரை. கிழக்குக் கோடியில் வெள்ளைத் துணி விரித்த ஒரு மேஜை, அதன்மேல் மரச்சிலுவை. உபதேசியார் ஞாயிற்றுக்கிழமை அந்த மேஜைக்கு முன்னால் நின்று ஜெபம் செய்வார். திங்கட்கிழமை அதே இடத்தில் நின்று எங்களுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுப்பார். மதுரைத் தல்லாகுளத்தில் பிறந்து வளர்ந்த மெலிந்த மனிதர். எங்கள் பேச்சு அவருக்குப் பாதி புரியாது, அவர் பேச்சு எங்களுக்குப் பாதி புரியாது. ஆனால் எழுத்து என்ற ஒன்றை என் கையில் பிடித்துக் கொடுத்தவர் அவர். எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் ஒருவருக்கும் எழுத்துத் தெரியாது. கற்றுக்கொண்ட புதிதில் எனக்குப் பைத்தியமே பிடித்திருந்தது. உப்பு மூட்டையில் அச்சடித்திருப்பதைக்கூட விடாமல் தெருவெல்லாம் கேட்கும்படி வாசிப்பேன்.

அந்தப் பைத்தியத்துக்குத்தான் அந்த வருஷம் ஆபத்து வந்தது. ஓடைக்கு அக்கரையில் இன்னோர் ஊரிலும் எங்களைப் போலவே ஒரு சபையும் பள்ளிக்கூடமும் இருந்தன. இரண்டையும் நடத்த மிஷனுக்கு வசதியில்லை, ஒன்றை மூடிவிடப் போகிறார்கள், எந்த ஊரில் ஜனங்கள் ஒழுங்காகக் கூட்டத்துக்கு வருகிறார்களோ அங்கே உபதேசியார் இருப்பார் என்று பேச்சு. எங்கள் ஊர் ஜனங்கள் ஒழுங்குக்குப் பேர் வாங்கியவர்கள் அல்ல. அப்பாவோ முன்னாலேயே தீர்த்துச் சொல்லிவிட்டார்: "பள்ளிக்கூடம் தெருவுக்குள்ள இருக்குற மட்டும் போ. ஓடையத் தாண்டித்தேன் போகணும்னா அந்நேரத்துக்கு மாட்டப் பத்து." அதில் கோபம் கிடையாது. ஓடையில் தண்ணீர் வந்தால் பிள்ளையை விடமாட்டார், தண்ணீர் வராத காலத்தில் மாட்டுக்கு ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

இதைத் தீர்மானிக்க ஐயர் வருவதாக இருந்தது. எங்கள் சபையில் குருமாரை ஐயர் என்போம். அவர் மதுரையிலிருந்து மாட்டுவண்டியில் ஊர் ஊராகச் சுற்றி வருவார். ஆவணி முழுக்க மழை ஏமாற்றி, புரட்டாசியும் பொய்த்துக்கொண்டிருந்த சமயம். ஐயர் வரும் அன்று சாயங்காலம் மழைக்காக விசேஷ ஜெபக்கூட்டம் என்று உபதேசியார் அறிவித்திருந்தார். அதில் வேதப்பகுதியை வாசிக்கப் போகிறவன் நான். பள்ளிக்கூடம் வீண்போகவில்லை என்பதற்கு நான்தான் அத்தாட்சி.

மழை ஜெபத்துக்குக் காத்திருக்கவில்லை. அன்று மத்தியானமே, ஐயரின் வண்டி ஊருக்குள் நுழைவதற்கு முன்பே, கொட்டோ கொட்டு என்று கொட்டித் தீர்த்துவிட்டது. நாங்கள் தெருவில் இறங்கி ஆடினோம். என்னைப் பெற்ற ஆத்தா முந்தானையை விரித்துப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றாள், அது நிறைந்துவிடும் என்பது போல. பிறகு மழை விட்டது. வானம் வெளுத்தது. காற்று அடங்கியது. உடம்பு கசகசவென்று புழுங்க ஆரம்பித்தது. தெருவில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அப்பா உபதேசியாரிடம் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

"கூட்டத்த நாளைக்கு வச்சுக்கிறலாமுங்களா?"

"ஏன்?"

"அதேன் மழ வந்திருச்சுல்ல. இனிக் கேக்குறதுக்கு என்ன இருக்கு?"

"கேட்க ஒண்ணும் இல்லேன்னா நன்றி சொல்ல வேண்டியதுதானே! ஐயர் விடிஞ்சதும் கிளம்பிடுவார். இன்னைக்குக் கோயில் காலியா இருந்தா நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்குப் பூட்டு. தெரிஞ்சுக்கோங்க."

அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். ஈசல் என்ற சொல் அவர் வாயிலிருந்து வரவேயில்லை. படித்த மனிதரிடம், அதுவும் ஜெபத்துக்கு முன்னால், தின்கிற பூச்சியைப் பற்றிப் பேச அவருக்கு வெட்கம். "சரிங்க. எல்லாரையும் கூட்டியாறேன்" என்று திரும்பிவிட்டார். சொன்னபடியே கூட்டி வந்தார். தெருவில் ஒரு வீட்டில்கூட ஆள் மிச்சமில்லை. உபதேசியாருக்கு வாயெல்லாம் பல். வாசலில் நின்று ஒவ்வொருவரையும் வரவேற்றவர், என் அத்தையைப் பார்த்ததும்தான் கொஞ்சம் தயங்கினார்.

"எதுக்கும்மா இவ்வளவு பெரிய சட்டி?"

"தாகத்துக்குங்க" என்றாள் அத்தை. அப்பாவின் அக்கா அவள். வாயில் விழுந்தால் எழுந்திருக்க முடியாது.

"எல்லாருமா சட்டி கொண்டு வந்திருக்கீங்க?"

"எல்லாருக்குந்தான தாகமெடுக்கும்?"

"சுளகு?"

"விசிறிக்கிறதுக்கு. புழுக்கமா இருக்குல்ல, உங்களுக்கு இல்லையா?"

உபதேசியார் ஒதுங்கி வழிவிட்டார். உள்ளே ஐயர் தம் வண்டியில் கொண்டுவந்த காஸ் லைட்டைப் பெருமையோடு காற்றடித்து ஏற்றிக்கொண்டிருந்தார். எங்கள் ஊர் அதுவரை பார்த்தது அகல் விளக்கும் அரிக்கேனும்தான். அது 'உஸ்' என்று இரைந்துகொண்டு வெள்ளையாகப் பற்றிக்கொண்டபோது குழந்தைகள் 'ஹோ' என்றோம். பெரியவர்கள் ஒருவருக்கொருவர் கண்ணைக் காட்டிக்கொண்டார்கள். அப்படியொரு வெளிச்சத்துக்கு எவ்வளவு ஈசல் வரும்! அப்பா ஓடிப்போய் ஐயரிடமிருந்து விளக்கை வாங்கி, "உள்ள சூடேறிப் போகும், வாசப்படிகிட்ட மாட்டுறேனுங்க" என்றார். ஐயருக்கு அந்தக் கரிசனம் பிடித்துப்போயிற்று.

கீர்த்தனை பாடினோம். அன்று பாடிய வேகத்தில் எங்கள் ஊரில் அதற்கு முன்னும் பின்னும் பாடியதில்லை. பிறகு உபதேசியார் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். எழுந்து நின்று புத்தகத்தைப் பிடித்தேன். குரலை உயர்த்தி ஆரம்பித்தேன். இரண்டு வரி தாண்டியிருக்க மாட்டேன், பக்கத்தின்மேல் ஒன்று வந்து 'பொத்'தென்று விழுந்தது. கண்ணாடி இறக்கையை விரித்து, நான் வாசிக்க வேண்டிய சொல்லின்மேலேயே ஊர்ந்தது. ஊதிவிட்டேன். அடுத்தது வந்தது. பிறகு பத்தாக, கணக்கில்லாமல். வாசலில் விளக்கைச் சுற்றி ஒரு மேகமே சுழன்றது. மூச்சை இழுத்துப் பிடிக்கும் சத்தம் கோயில் முழுக்கக் கேட்டது. ஒருவரும் அசையவில்லை. நான் தப்பில்லாமல் வாசித்து முடித்தேன். ஐயர் என்னைப் பார்த்துச் சிரித்தார், மூக்குக்கண்ணாடியின் மேலிருந்த ஈசலைத் தட்டிவிட்டு, "ஜெபிப்போம்" என்று கண்ணை மூடினார்.

ஐயர் நல்லவர், ஜெபம்தான் நீளம். மழைக்கு நன்றி சொன்னார். மழை பெய்த மேகத்துக்கு, மேகம் வந்த கடலுக்கு என்று பின்னோக்கிப் போய்க்கொண்டேயிருந்தார். நான் ஒரு கண்ணைப் பாதி திறந்தேன். கடைசி வரிசையில் அத்தையைக் காணோம், அவள் சட்டியையும் காணோம். அடுத்த தடவை திறந்தபோது அந்த வரிசையையே காணோம். பாதம் பாதமாக, ஆடு மேய்ப்பவர்களுக்குத்தான் வரும் அந்தச் சத்தமில்லாத நடையில், ஜனங்கள் கரைந்துகொண்டிருந்தார்கள். வாசலுக்கு வெளியிலிருந்து அத்தை மகன், "மாப்ள, வாடா, எம்புட்டுக் கெடக்குன்னு பாரு!" என்று கிசுகிசுத்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. எழுந்து ஓடினால் பள்ளிக்கூடம் போய்விடும். உட்கார்ந்திருந்தால் இந்த வருஷத்து ஈசல் போய்விடும். எட்டு வயதில் இதைவிடப் பெரிய சோதனை ஒருவனுக்கு வருமா? சாணித்தரையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"ஆண்டவரே, உம்முடைய வெளிச்சம் எங்களை விட்டு நீங்காதிருப்பதாக" என்றார் ஐயர்.

கோயில் இருண்டுவிட்டது.

ஐயர் கண்ணைத் திறந்தார். எதிரே நானும் உபதேசியாரும்தான் இருந்தோம். வாசலில் விளக்கு தொங்கிய கொக்கி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. "விளக்கு எங்கே?" என்றார். பிறகு, "ஜனங்கள் எங்கே?" என்றார். உபதேசியார் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். அவர் பெட்டியைக் கட்டவேண்டியதுதான், நான் மாட்டைப் பத்தவேண்டியதுதான் என்று எனக்குத் தீர்மானமாகிவிட்டது.

ஐயர் வெளியே நடந்தார். நாங்கள் பின்னால் போனோம்.

கோயிலுக்குப் பக்கத்தில் ஆளுயரப் புற்று ஒன்று உண்டு. அதற்கு எதிரே அப்பா காஸ் லைட்டைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் காலடியில் வட்டமாகத் தண்ணீர்ச் சட்டிகள். ஈசல் மழையாய்ப் பொழிந்தது. தலைமயிரில் ஈசல், மாராப்பில் ஈசல். கைக்குழந்தை ஒன்று வாயை மூடிக்கொண்டு விழித்தது, அதன் வாயிலும் ஈசல்தான். நாய்கள் ஒரு பக்கம் கவ்வின, தவளைகள் ஒரு பக்கம் தாவின. சிரிப்பும் கூச்சலும் ஊர் எல்லைவரை கேட்டிருக்கும். ஐயரின் வெள்ளை அங்கி வெளிச்சத்துக்குள் வந்ததும், எல்லாம் ஒரே கணத்தில் நின்றுபோயிற்று. தவளைகள் மட்டும் நிறுத்தவில்லை.

"விளக்கை யார் எடுத்தது?"

"நாந்தேங்க" என்றார் அப்பா, விளக்கை இறக்காமல். "நீங்க முடிக்கிறதுக்குள்ள கொண்டாந்து மாட்டிறலாம்னு நெனச்சேன். இன்னைக்குச் சுருக்கா முடிச்சிட்டீக."

எங்கோ ஒருவர் சிரிப்பை அடக்கமுடியாமல் இருமினார்.

"மழை தந்தவருக்கு நன்றி சொல்லக் கூப்பிட்டால் பூச்சிக்கு எழுந்து ஓடுகிறீர்களே!" ஐயரின் குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் இருந்தது.

அத்தை சட்டியைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்தாள். "மழ குடுத்தவருதான ஐயரே இதையும் குடுத்தாரு? அவரு அள்ளி அள்ளிக் கொட்டையில நாங்க கண்ண மூடிக்கிட்டு உக்காந்திருந்தா, 'இவுகளுக்குப் போயிக் குடுத்தமே'ன்னு அவரு நெனக்கமாட்டாரா?"

ஐயர் குனிந்து அவள் சட்டிக்குள் பார்த்தார். பிறகு, "இதையா சாப்பிடுவீர்கள்?" என்றார்.

"ஏன், வேதத்துல வர்ற அந்த வனாந்தரத்துப் பெரியவரு வெட்டுக்கிளி தின்னாருன்னு போன மாசம் உபதேசியாருதான சொன்னாரு? வெட்டுக்கிளிக்கு ஈசலு என்ன கொறச்சல்?"

அந்த நேரத்தில்தான் ஆத்தா செய்ததைப் பார்த்தேன். இந்தப் பேச்சு ஒன்றும் அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. சட்டிக்குள் கைவிட்டு முதல் கை ஈசலை அள்ளினாள். தண்ணீர் சொட்டச் சொட்ட, ஐயரைத் தாண்டி, உபதேசியாரைத் தாண்டி, இருட்டுக் கோயிலுக்குள் நேரே நடந்தாள். எல்லோருக்கும் புரிந்துபோயிற்று. உபதேசியார், "ஐயோ, மேஜை! வெள்ளைத் துணி!" என்று கத்திக்கொண்டு ஓடினார். அப்பா விளக்கோடு ஓடினார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, நற்கருணைக்கு விரிக்கும் அந்தத் துணியின்மேல், சிலுவைக்கு முன்னால், ஈர ஈசல் ஒரு குவியலாகக் கிடந்தது. பாதி உயிரோடு ஊர்ந்துகொண்டிருந்தது. ஆத்தா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, சிலுவையைப் பார்த்து, பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுவது போல, "பாத்தீரா ஆண்டவரே, இந்த வருசம் எம்புட்டுன்னு!" என்றாள்.

அதுதான் அவளுக்குத் தெரிந்த ஜெபம். கேட்பதற்கு ஒன்றுமில்லாமல், காட்டுவதற்கு மட்டும் வந்திருந்தாள்.

ஐயர் மேஜையருகே வந்தார். உபதேசியார் குவியலை வழிக்கக் கை நீட்டியபோது அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். "இருக்கட்டும். காணிக்கை அது" என்றார். பிறகு எல்லோரையும் வெளியே கூட்டிவந்து, ஈசல் பொழியும் அந்த இடத்திலேயே நின்று, கண்ணை மூடாமல், மேலே பார்த்துக்கொண்டு சொன்னார்: "ஆண்டவரே, மழைக்கு ஸ்தோத்திரம். ஈசலுக்கு ஸ்தோத்திரம். கொடுத்தவுடனே ஓடிவந்து வாங்கத் தெரிந்த இந்த ஜனத்துக்காகவும் ஸ்தோத்திரம். ஆமென்."

"அம்புட்டுத்தானா?" என்றார் அப்பா, நம்பமுடியாமல்.

"அம்புட்டுத்தான்" என்றார் ஐயர்.

அந்தச் சிரிப்பை நான் என்ன சொல்ல! அதற்குள் அடுப்புகள் பற்றிவிட்டன. வறுத்து, சுளகில் புடைத்து இறக்கையைப் போக்கி, பொரியரிசியும் உப்பும் கலந்து அத்தை நீட்டியபோது, ஐயர் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒன்றே ஒன்றை வாயில் போட்டார். மென்றார். கண்ணைத் திறந்தார். "இன்னும் கொஞ்சம் போடுங்கள்" என்றார். மறுநாள் காலையில் வண்டியில் ஏறும்போது அவர் உபதேசியாரிடம் சொன்னது வாசலில் நின்ற எனக்குக் கேட்டது: "இந்த ஊருக்குப் பூட்டுப் போட்டால் அப்புறம் எனக்கு யார் ஜெபிக்கக் கற்றுக்கொடுப்பார்கள்?" பள்ளிக்கூடம் எங்கள் தெருவிலேயே இருந்தது. அக்கரைப் பிள்ளைகளும் தண்ணீர் வற்றிய காலமெல்லாம் ஓடையைக் கடந்து எங்களோடு வந்து படித்தார்கள். அந்தச் சாயங்காலம் தவறியிருந்தால் இந்தக் கட்டுரையை எழுதும் கை இன்று மாட்டுக் கயிற்றைப் பிடித்திருக்கும்.

அதுவரை எனக்குக் கடவுள் என்பவர் கண்ணை மூடினால் மட்டுமே வருகிறவர். அன்றைக்குப் பிறகு சின்னதாக எது நன்றாக இருந்தாலும், புது ஸ்லேட்டின் வாசனை, மாடு கையை நக்கும் சொரசொரப்பு, விளையாட்டில் ஒரு நல்ல எறி, உடனே 'பாத்தீரா!' என்று உள்ளுக்குள் ஒரு குரல் கொடுக்கப் பழகிக்கொண்டேன். பதில் வந்ததா என்று கேட்காதீர்கள். கூப்பிடும்போதே பக்கத்தில் ஆள் இருப்பது தெரியும், அவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரியும்.

போன வருஷம் எங்கள் ஊரில் ஓட்டுக்கூரை போட்ட புதுக் கோயிலைப் பிரதிஷ்டை செய்தார்கள். கல்சுவர், மூடித் திறக்கும் ஜன்னல்கள், வர்ணம் பூசிய பெஞ்சுகள். அந்த ஐயர் இல்லை. அப்பாவும் இல்லை, அத்தையும் இல்லை. சுற்றுச்சுவர் எழுப்புவதற்காகப் புற்றைக் கடப்பாரையால் இடித்துத் தரையோடு சமன்செய்திருந்தார்கள். அன்று மத்தியானம் நல்ல மழை. சாயங்காலக் கூட்டத்தில் நிகழ்ச்சி நிரல்படி ஒருவர் பின் ஒருவராக எழுந்து, உதவியவர்களுக்கெல்லாம் பெயர் சொல்லி நன்றி கூறினார்கள். பூச்சி வரும் என்று ஜன்னல்களைச் சாத்திவிட்டார்கள். கோயில் நிறைய ஜனங்கள். எல்லோரும் ஒழுங்காக, முடியும்வரை உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர்கூட எழுந்து ஓடவில்லை. அதைப் பார்க்க எனக்கு என்னவோ பயமாக இருந்தது.

நீண்ட ஜெபம் ஒன்றின் நடுவில் யாரோ என் விலாவில் குத்தினார்கள். ஆத்தா. "எந்திரி, போவோம்" என்றாள் மெதுவாக. வாத்தியார் உத்தியோகத்தின் மரியாதை என்னை ஒரு நிமிஷம் பிடித்து இழுத்தது. பிறகு எழுந்து அவள் பின்னால் நழுவினேன். புற்று இருந்த இடத்தில் வந்து நின்றோம். வெறுந்தரை. ஒரு சிறகுகூட இல்லை. அவள் கொஞ்ச நேரம் தேடிப் பார்த்துவிட்டு, "போச்சுடா, ஒண்ணுமில்ல" என்றாள். நான் என்ன ஆறுதல் சொல்வதென்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவளோ அதற்குள் நிமிர்ந்து, மேற்கே கையை நீட்டிவிட்டாள். மழை கழுவிய வானத்தில், மலைக்கு மேலே, பிறை ஒன்று நகத்தளவு முளைத்திருந்தது.

"ஏய் சாமுவேலு," என் கையைப் பிடித்து உலுக்கினாள், "அங்கிட்டுப் பாரு, அங்கிட்டுப் பாரு!"

உள்ளே இன்னும் ஆமென் சொல்லவில்லை.